புதுப்பிப்பு: தண்ணீர் நிரம்பிய குழாய்க்குள் ட்ரோன் – கலங்கல் பிரச்சினை தீர்ந்தது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. கான்கிரீட் குழாய்க்குள் நீருக்கடி ட்ரோனை விட்டால் வண்டல் கிளம்பி கேமராவில் ஒன்றுமே தெரியவில்லை என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது, எடையைக் குறைக்கச் சொன்ன யோசனைதான். ட்ரோன் லேசாக மேலே மிதக்கும்படி எடைக்கட்டிகளைக் கழற்றினோம். இப்போது அதைக் கீழே அழுத்திப் பிடிக்க, செங்குத்து மோட்டார்கள் தண்ணீரை மேல்நோக்கித் தள்ளுகின்றன. அடியில் படிந்த வண்டல் கலங்குவதில்லை. விளக்குகளை கேமராவை விட்டுத் தள்ளிப் பொருத்தியதும் நீரில் மிதக்கும் துகள்கள் வெளிச்சத்தில் மின்னி படத்தில் விழும் வெண்புள்ளிகள் வெகுவாகக் குறைந்தன. மேற்பரப்பு விரிசலும், அதில் துருப்பிடித்துத் துருத்திய கம்பியும் அத்தனை தெளிவு!

எதிர்பாராதது ஒன்று: கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பிகள் திசைகாட்டியைக் குழப்பிவிட்டன. திசையைப் பிடித்துவைக்கும் மோடில் ட்ரோன் தானாகத் திரும்பி, அதோடு இணைந்த கேபிளை முறுக்கியது. அந்த மோடை அணைத்துவிட்டு, ஒரு பக்கச் சுவரைப் பார்த்தபடி கையாலேயே ஓட்டுங்கள்.