பி.பி.ஏ. லாஜிஸ்டிக்ஸா, பி.காம். போதுமா?

கோவில்பட்டிக்காரன்:
அக்கா மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். காமர்ஸ் குரூப், வணிகக் கணிதத்தில் 81. தூத்துக்குடியில் ஒரு தனியார் கல்லூரியில் பி.பி.ஏ. லாஜிஸ்டிக்ஸ் அண்ட் சப்ளை செயின் (சரக்கை எங்கே வைப்பது, எப்படிக் கொண்டுபோவது என்கிற படிப்பு) சேரப்போகிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். "துறைமுகம் பக்கத்துலயே இருக்கு, வேலை உறுதி" என்று அட்மிஷனுக்கு உட்கார்ந்திருந்தவர் சொன்னாராம். அத்தான் லாரி ஓட்டுகிறவர். "நான் இருபது வருஷமா செய்யற வேலையைப் படிக்க மூணு வருஷமும் ரெண்டு லட்சமுமா?" என்று கேட்கிறார். இருவருக்கும் நடுவில் நான். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நங்கூரம்:
உங்கள் அத்தான் கேட்டதுதான் சரியான கேள்வி. நான் தூத்துக்குடியில் சி.எச்.ஏ. ஆபீஸில் 22 வருடமாக இருக்கிறேன். (ஏற்றுமதி, இறக்குமதிக்காரர்களுக்காகக் கஸ்டம்ஸ் வேலையை முடித்துக்கொடுக்கும் ஏஜென்ட். சட்டத்தில் இப்போது கஸ்டம்ஸ் புரோக்கர் என்று பெயர். ஊரில் இன்னும் சி.எச்.ஏ.தான்.) போன வருடம் எங்களிடம் லாஜிஸ்டிக்ஸ் பட்டம் வாங்கிய மூன்று பையன்கள் வந்தார்கள். ஷிப்பிங் பில்லுக்கும் பில் ஆஃப் லேடிங்குக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். ஒருவன் இரண்டும் ஒன்று என்றான். முன்னது நாம் கஸ்டம்ஸுக்குப் போடுவது, பின்னது கப்பல் கம்பெனி நமக்குக் கொடுப்பது. சரக்கே அந்தக் காகிதத்தில்தான் கைமாறுகிறது. மூன்று வருடத்தில் இதைக்கூடச் சொல்லித்தராமல் என்னதான் நடத்தினார்கள்?

பி.காம். சேருங்கள். கல்லூரி முடிந்ததும் சாயங்காலம் ஒரு சி.எச்.ஏ. ஆபீஸில் உட்காரட்டும். எச் கார்டு (உதவியாளருக்கான அனுமதி அட்டை) வாங்கிக்கொண்டு கஸ்டம்ஸுக்கும் சி.எஃப்.எஸ்.ஸுக்கும் (கன்டெய்னரில் சரக்கு ஏற்றி இறக்கும் கிடங்கு) நடையாய் நடக்கட்டும். பிறகு ஜி கார்டு (காகிதங்களில் கையெழுத்துப் போட அனுமதிக்கும் அட்டை) பரீட்சை எழுதட்டும். மூன்றாவது வருடம் அவன் சம்பாதித்துக்கொண்டிருப்பான்.

பழைய_மாணவன்:
அந்த மூன்று பையன்களில் ஒருவனாக நான் இருந்திருக்கலாம். 2023ல் பி.பி.ஏ. லாஜிஸ்டிக்ஸ் முடித்தேன், ஊரும் கல்லூரியும் வேண்டாம். எங்கள் நோட்ஸில் இ-வே பில் (லாரியில் சரக்கு கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் சீட்டு) 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும் என்று இருந்தது. 2021 ஜனவரியிலேயே அதை 200 கிலோமீட்டர் ஆக்கிவிட்டார்கள். இரண்டு வருடம் கழித்தும் அதே நோட்ஸ், அதே ஜெராக்ஸ் கடை. பரீட்சையில் 100 என்று எழுதினால்தான் மார்க்.

துறைமுகத்துக்கு ஒரே ஒரு நாள் கூட்டிப்போனார்கள். பஸ்ஸை விட்டு இறங்க விடவில்லை. இப்போது ஒரு கூரியர் ஹப்பில் நைட் ஷிஃப்ட். பக்கத்தில் நிற்பவன் பி.எஸ்சி. தாவரவியல். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம்.

ஒரகடம்_பிளானர்:
இருவர் சொல்வதும் உண்மை. ஆனால் நங்கூரம் அண்ணன் வீட்டின் ஒரு அறையைக் காட்டி இதுதான் வீடு என்கிறார். கிளியரன்ஸ் முக்கியமான வேலை, அதைச் செய்துதான் கற்க முடியும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தச் சரக்கு, எவ்வளவு, எப்போது, எந்த ஊர் குடோனில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை துறைமுக கேட்டுக்கு வெகு முன்னாலேயே நடந்துவிடுகிறது. நான் கார் உதிரிபாகக் கம்பெனியில் அதைத்தான் செய்கிறேன்.

ஒரு உதாரணம். 2017 ஜூலைக்கு முன்னால் பெரிய கம்பெனிகள் மாநிலத்துக்கு ஒரு குடோன் வைத்திருந்தன. தேவை இருந்ததால் அல்ல. மாநிலம் தாண்டி விற்றால் சி.எஸ்.டி. (மத்திய விற்பனை வரி) கட்ட வேண்டும், சொந்தக் குடோனுக்கு மாற்றினால் வேண்டாம், அவ்வளவுதான். ஜி.எஸ்.டி. வந்ததும் அந்தக் காரணம் போய்விட்டது. அப்புறம் எந்தக் குடோனை மூடுவது, எதைப் பெரிதாக்குவது? மூடினால் வாடகை மிச்சம், லாரி வாடகை கூடும், கடைக்குப் போகிற நாளும் கூடும். இதைப் பழக்கத்தில் சொல்ல முடியாது. உட்கார்ந்து கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை யாராவது சொல்லித்தரத்தான் வேண்டும்.

நங்கூரம்:
மேடம், அந்தக் கணக்கை நானும் பார்த்திருக்கிறேன். ஒரு எம்.பி.ஏ. தம்பி ஃபார்முலா போட்டு ஒரு தடவைக்கு 950 பெட்டி வாங்கினால்தான் சிக்கனம் என்றான். லாரியில் 800 பெட்டிதான் ஏறும். மிச்சம் 150 பெட்டியை ஃபார்முலா வந்து தலையில் சுமக்குமா?

ஒரகடம்_பிளானர்:
அண்ணே, இந்தக் கேள்விக்காகவே உங்களை எங்கள் வகுப்புக்குக் கூப்பிட்டிருக்க வேண்டும். அந்த ஃபார்முலாவை ஃபோர்ட் ஹாரிஸ் என்பவர் 1913ல் எழுதினார். உங்கள் எண்ணையே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000 பெட்டி தேவை. ஒவ்வொரு தடவை வரவழைக்கவும் 1,500 ரூபாய் செலவு. ஒரு பெட்டியை ஒரு வருடம் குடோனில் வைத்திருக்க 40 ரூபாய். ஃபார்முலா 949 என்று சொல்லும், அந்தத் தம்பி 950 என்றிருப்பார். அப்போது வரவழைக்கவும் வைத்திருக்கவும் சேர்த்து ஆண்டுச் செலவு சுமார் 37,950. நீங்கள் சொல்கிற மாதிரி லாரி நிறைய 800 ஏற்றினால் 15 நடை, 22,500. குடோனில் சராசரியாக 400 பெட்டி, 16,000. மொத்தம் 38,500. வித்தியாசம் 550 ரூபாய், அதுவும் ஒரு வருடத்துக்கு!

அதாவது அந்த இடத்தில் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் நஷ்டம் பெரிதாக இல்லை. "800 ஏற்று, கவலைப்படாதே" என்று அந்தத் தம்பி சொல்லியிருக்க வேண்டும். ஆனால் "சரக்கு தேங்கக்கூடாது" என்று ஒரு முதலாளி பாதி லாரி, 400 பெட்டியாக வரவழைத்தால் 30 நடை, மொத்தம் 53,000 ஆகிறது. இதில்தான் பணம் போகிறது, யார் கண்ணுக்கும் தெரியாது. ஃபார்முலாவை மனப்பாடம் செய்தவர் உங்களிடம் வந்துவிட்டார். அது படிப்பின் குற்றம் இல்லை.

நங்கூரம்:
சரி, இது எனக்குப் புதுசு. 53,000 வரை போகும் என்று நினைக்கவில்லை. ஆனால் மேடம், உங்களுக்கு இதைச் சொல்லித்தந்தது எம்.பி.ஏ.வா, பி.பி.ஏ.வா?

ஒரகடம்_பிளானர்:
எம்.பி.ஏ. அதற்கு முன்னால் பி.இ. மெக்கானிக்கல். எங்கே வருகிறீர்கள் என்று புரிகிறது.

கொங்குப்பின்னல்:
திருப்பூரிலிருந்து எழுதுகிறேன், பனியன் ஏற்றுமதி. இரண்டு கட்சி ஆட்களுக்கும் நான் சம்பளம் கொடுத்திருக்கிறேன் என்பதால் நடுவில் நுழைகிறேன்.

எங்களுக்கு எல்லாமே கப்பலின் கட்-ஆஃபிலிருந்து பின்னோக்கி எண்ணுவதுதான். கன்டெய்னர் தூத்துக்குடியில் எந்தத் தேதிக்குள் உள்ளே போக வேண்டும், அதற்கு எத்தனை நாள் முன்னால் பேக்கிங், அதற்கு முன் தையல், அதற்கு முன் சாயம், அதற்கு முன் நிட்டிங். ஒரு புது எம்.பி.ஏ. பையன் அருமையான எக்செல் போட்டான். சாயத்துக்கு நான்கு நாள் என்று வைத்திருந்தான். எங்கள் பழைய ஷிப்பிங் கிளார்க், பத்தாவது படித்தவர், எட்டிப் பார்த்துவிட்டு "நேவி ப்ளூவா? ரெண்டு வாட்டி சாயம் போடறதா எழுதிக்க தம்பி" என்றார். அவன் எழுதவில்லை. ஷேடு, அதாவது நிறம், சரியில்லை என்று திருப்பிவிட்டார்கள். மறுபடி சாயம் போட்டோம், கப்பல் போய்விட்டது. விமானத்தில் அனுப்பினோம், எங்கள் காசில். அந்த ஆர்டரில் லாபம் என்று ஒன்றும் இல்லை.

ஆனால் அடுத்த மாதம் சாயப்பட்டறை ஐந்து நாள் நின்றபோது, கையில் 14 ஆர்டர். எதை முதலில் எடுப்பது, எந்த பையரிடம் தேதி தள்ளிக் கேட்பது? கிளார்க் கையைப் பிசைந்தார். அந்தப் பையன் ஒரு ராத்திரி உட்கார்ந்து வரிசை போட்டான். இரண்டே ஆர்டர் தாமதம். இப்போது இருவரையும் பக்கத்துப் பக்கத்து மேஜையில் போட்டிருக்கிறேன், தினம் சண்டை.

சாக்பீஸ்:
நான் இந்தப் பாடத்தை நடத்துகிறவன், அடி வாங்கத் தயாராக வந்திருக்கிறேன். பழைய_மாணவன் சொன்ன நோட்ஸ் கதை வெட்கக்கேடு. பல கல்லூரிகளில் காமர்ஸ் துறையின் பெயர்ப்பலகையை மாற்றி மாட்டிவிட்டு, துறைமுகத்தையே பார்க்காதவர்களை வைத்து நடத்துகிறார்கள்.

அதற்காக இளங்கலையில் ஒன்றுமே கற்பிக்க முடியாது என்று சொல்லிவிடாதீர்கள். எம்.ஐ.டி.யில் 1960களில் உருவாக்கிய ஒரு விளையாட்டு இருக்கிறது. கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று நான்கு பேர். ஒருவர் மற்றவரிடம் பேசக்கூடாது, ஆர்டர் சீட்டு மட்டும் போகும். அங்கே அதற்குப் பீர் விளையாட்டு என்று பெயர். எங்கள் கல்லூரியில் அந்தச் சொல்லை போர்டில் எழுத முடியாது, பன்னீர் சோடா ஆக்கிவிட்டேன். வாடிக்கையாளர் வாரம் 4 கேஸ், அதாவது பெட்டி, கேட்டவர் ஒரே ஒரு முறை 8க்கு மாறுகிறார், அப்புறம் அதே 8தான். பத்தாவது வாரத்தில் ஆலைக்காரனிடம் 40 கேஸ் ஆர்டர் வந்து நிற்கும். யாரும் தப்பு செய்யவில்லை. பயத்தில் ஒவ்வொருவரும் கொஞ்சம் கூட்டிக் கேட்டார்கள், அவ்வளவுதான். பதினெட்டு வயதுப் பிள்ளைகளுக்கு இது ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடுகிறது.

கொங்குப்பின்னல்:
சார், இதை நாங்கள் பன்னீர் சோடா இல்லாமலே விளையாடினோம். 2021ல் கன்டெய்னர் கிடைக்காது, வாடகை தாறுமாறு, எவர் கிவன் என்கிற கப்பல் வேறு சூயஸ் கால்வாயில் ஆறு நாள் குறுக்கே நின்றது. சரக்கு வராதோ என்று வெளிநாட்டுக் கடைகள் கூட்டிக் கூட்டி ஆர்டர் போட்டன. எல்லாம் ஒரே நேரத்தில் போய்ச் சேர்ந்ததும் அங்கே குடோன் நிரம்பியது, 2022 பிற்பாதியில் இங்கே ஆர்டர் படுத்தது. கூட்டிக் கேட்டபோது புது மெஷின் வாங்கியவர்கள் பாடு சொல்லி மாளாது.

கொழும்புத்துறை:
இலங்கையிலிருந்து ஒரு சொல். இங்கே மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, லாஜிஸ்டிக்ஸ் முகாமைத்துவம் நான்கு வருடப் பட்டமாகவே இருக்குது. உயர்தரத்தில் (உங்கட பிளஸ் டூ மாதிரி) நல்ல பெறுபேறு இல்லாமல் உள்ளே போகேலாது. திருப்பூர் அண்ணையின்ர கொள்கலன் தூத்துக்குடியில் சின்னக் கப்பலில் ஏறி, பெரும்பாலும் கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறித்தான் ஐரோப்பா போகுது. இங்கே எந்தக் கொள்கலனை எந்த அடுக்கில் வைக்கிறது என்று திட்டம் போடுகிறவர்களில் அந்தப் பட்டதாரிகளும் இருக்கினம். ஆகவே படிப்பு வீண் இல்லை, எங்கே படிக்கிறது என்பதுதான் கேள்வி.

பழைய_மாணவன்:
நங்கூரம் அண்ணே, தப்பாக நினைக்க வேண்டாம். 22 வருடம் என்றீர்கள். கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸ் உங்கள் பெயரில் இருக்கிறதா?

நங்கூரம்:
இல்லை தம்பி. நான் பிளஸ் டூ. ஜி கார்டு இருக்கிறது. சொந்த லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கப் பட்டதாரியாக இருக்க வேண்டும். 2018 விதியிலும் அப்படித்தான். பட்டமும், ஜி கார்டில் இரண்டு வருட அனுபவமும் இருந்தால் பரீட்சை எழுதலாம். அனுபவம் என்னிடம் பத்து மடங்கு இருக்கிறது. முதலாளி லைசென்ஸில்தான் இன்னும் கையெழுத்துப் போடுகிறேன்.

அதனால்தான் பட்டம் வேண்டாம் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை, மேலே போய்ப் பாருங்கள். பி.காம். என்றேன். அந்த விதி லாஜிஸ்டிக்ஸ் பட்டம் கேட்கவில்லை, ஏதோ ஒரு பட்டம் கேட்கிறது. இந்த வேலை பிடிக்காமல் போனால் பி.காம்.காரன் வங்கிப் பக்கம் போவான், ஆடிட்டரிடம் போவான். லாஜிஸ்டிக்ஸ் என்று நெற்றியில் எழுதிக்கொண்டவன் 18 வயதில் கதவைச் சாத்திக்கொள்கிறான்.

சாக்பீஸ்:
கதவு சாத்துவதாக நான் நினைக்கவில்லை. பி.பி.ஏ.வும் ஒரு பட்டம்தான், வங்கித் தேர்வு எழுதலாம், எம்.பி.ஏ. போகலாம். சென்னையில் தலைமையகம் உள்ள இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்திலேயே துறைமுக மேலாண்மையில் எம்.பி.ஏ. இருக்கிறது. இப்போது படிப்போடு சேர்த்து நிறுவனத்தில் பயிற்சி கொடுக்கிற, உதவித்தொகையும் தருகிற லாஜிஸ்டிக்ஸ் பட்டங்களும் வந்திருக்கின்றன. கோவில்பட்டிக்காரரே, அந்தக் கல்லூரியில் பயிற்சி எத்தனை மாதம், எந்தக் கம்பெனியில், அது கையெழுத்தான காகிதமா வாய்வார்த்தையா என்று கேளுங்கள். போன வருடம் பயிற்சிக்குப் போன மாணவர் ஒருவரின் போன் நம்பரும் கேளுங்கள். தர மறுத்தால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள். அப்போது நங்கூரம் சொன்ன பி.காம்.தான் என் பதிலும்.

ஒரகடம்_பிளானர்:
பி.காம். என்றால் கணக்கை விட்டுவிட வேண்டாம். 81 எடுத்த பையன். புள்ளியியல் இருக்கிற கல்லூரியாகப் பாருங்கள். எங்கள் டீமுக்கு ஆள் எடுக்கும்போது பட்டத்தின் பெயரை நான் கேட்பதே இல்லை. போன மாத விற்பனையைக் கொடுத்து அடுத்த மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்பேன். "தீபாவளி எந்த மாசம் மேடம்?" என்று திருப்பிக் கேட்கிறவரை எடுத்துக்கொள்வேன்.

கோவில்பட்டிக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. பயிற்சி பற்றி அந்தக் கல்லூரியில் கேட்டோம். "அதெல்லாம் மூணாவது வருஷம் பாத்துக்கலாம் சார்" என்றார்கள். போன் நம்பர் தரவில்லை. பையன் முகம் தொங்கிவிட்டது. 950 பெட்டிக் கணக்கை அத்தானிடம் வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசவில்லை. பிறகு "திரும்பி வர்றப்ப லாரி காலியா வருமே, அதை அந்தம்மா சேர்த்துச்சா?" என்று கேட்டார்.

ஒரகடம்_பிளானர்:
சேர்க்கவில்லை. 1,500 ரூபாய்க்குள் அதையும் சேர்த்திருக்க வேண்டும். அத்தானுக்கு என் வணக்கம்.

நங்கூரம்:
பையனுக்கு முடிவு எடுக்க இன்னும் நாள் இருக்கிறதல்லவா? சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் ஆபீஸுக்கு அனுப்புங்கள், விலாசம் தனிச் செய்தியில் போடுகிறேன். அன்றைக்குக் கிரானைட் இரண்டு கன்டெய்னர், முந்திரி ஒன்று. கூடவே கூட்டிப்போகிறேன். பஸ்ஸிலேயே உட்கார வைக்க மாட்டேன். ஆதார் அட்டை எடுத்துக்கொண்டு, ஷூ போட்டு வரச் சொல்லுங்கள். செருப்பு என்றால் சி.எஃப்.எஸ். கேட்டில் உள்ளே விடமாட்டார்கள்.

பழைய_மாணவன்:
அண்ணே, சனிக்கிழமை எனக்கும் லீவுதான். நானும் வரலாமா?