இரண்டாகப் பிரியும் நாடியில் ஒரு ஸ்டென்டா, இரண்டா?

கேள்வி: ஆசிரியை, முரசுமோட்டை

அப்பாவுக்கு வயது 67. சிறுபோக அறுவடையின்போது வரம்பில் நடந்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி குந்திவிட்டார். யாழ்ப்பாணத்தில் அஞ்சியோகிராம் (நாடிக்குள் சாயம் விட்டு எக்ஸ்ரேயில் பார்ப்பது) செய்தார்கள். இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகும் பெரிய நாடியில், கிளை பிரிகிற இடத்திலேயே அடைப்பு. கிளினிக் கொப்பியில் ‘மெடினா 1,1,1’ என்று எழுதியிருக்கிறது.

பெரிய நாடியில் ஒரு ஸ்டென்ட் (நாடியை விரித்து வைக்கும் வலைக்குழாய்) வைப்போம், கிளைக்குத் தேவைப்பட்டால் மட்டும் இன்னொன்று என்கிறார் வைத்தியர். கனடாவில் இருக்கும் சித்தப்பாவோ, “இரண்டு வைப்பதுதான் புதிய முறை, காசு அனுப்புகிறேன், கொழும்புக்குக் கொண்டுபோ” என்று தினமும் அழைக்கிறார். அப்பா இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்தவர். “பெரிய வாய்க்காலைத் திறந்துவிட்டால் கிளைக்குத் தண்ணீர் தானாகப் போகாதா?” என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: தாதி, வவுனியா

தங்கச்சி, ஸ்டென்ட் வைக்கும் அறையில் 11 ஆண்டுகள் நின்றவள் நான். உங்கள் வைத்தியர் சொன்னதைக் குறைந்த சிகிச்சை என்று நினைக்கவேண்டாம்.

அந்த மூன்று 1களின் பொருள்: பிரிவுக்கு முன்னால், பின்னால், கிளையின் வாயில் என மூன்று இடத்திலும் பாதிக்கு மேல் அடைப்பு. பெரிய நாடியில் ஸ்டென்டை விரிக்கும்போது கொழுப்புப் படிவு நகர்ந்து கிளையின் வாயை அடைக்கலாம். அதனால் கிளைக்குள் முதலே ஒரு மெல்லிய கம்பியை விட்டு வைப்பார்கள். ஓட்டம் குறைந்தால் அந்த வழி கைகொடுக்கும்.

சித்தப்பா சொல்வது அநேகமாக ‘டிகே கிரஷ்’ என்ற இரண்டு ஸ்டென்ட் முறை. கிளையில் முதல் ஸ்டென்ட்; அதன் நுனி பெரிய நாடிக்குள் சற்று நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நுனியைப் பலூனால் நசுக்கி, இரண்டு பலூன்களை ஒரே நேரத்தில் ஊதுவார்கள். பிறகு பெரிய நாடியில் ஸ்டென்ட் வைத்து மீண்டும் இரண்டு பலூன்கள். நேரம் கூடும், எக்ஸ்ரே கூடும், சாயமும் கூடும்.

அந்த முறைக்குச் சான்று இல்லாமல் இல்லை. இடது பிரதான நாடியின் (அப்பாவின் பெரிய நாடி கிளைக்கிற தாய் நாடி) பிரிவில் 482 பேரை வைத்து 2017இல் வெளிவந்த ‘டிகேகிரஷ் 5’ ஆய்வில், ஓராண்டில் சிகிச்சை செய்த இடம் பழுதானது டிகே கிரஷில் 5 வீதம், ஒரு ஸ்டென்டில் தொடங்கியவர்களில் 10.7 வீதம். ஆனால் 2021இல் ஐரோப்பாவில் 467 பேரிடம் வந்த ‘ஈபிசி மெயின்’ ஆய்வில் இரண்டு ஸ்டென்ட் மேலானதாகத் தெரியவில்லை. இரண்டுமே பிரதான நாடி பற்றியவை. அப்பாவின் அடைப்பு அதற்கும் கீழே. அந்த எண்களை அவருக்கு அப்படியே பொருத்தமுடியாது.

அப்பாவின் வாய்க்கால் பேச்சிலேயே விடை இருக்கிறது. கிளை எத்தனை ஏக்கருக்குப் பாய்கிறது என்று பாருங்கள். இரண்டரை மில்லிமீற்றர் அகலமான கிளை, உள்ளே ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் நீளும் கடும் அடைப்பு என்றால் இரண்டு ஸ்டென்டை நானும் கேட்பேன். வாயில் மட்டும் அடைப்பு, கிளையும் சின்னது என்றால் ஒன்றே போதும். வைத்தியரிடம் அந்த இரண்டு அளவையும் கேளுங்கள்.

இன்னொன்று, சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த அளவான கிரியேற்றினின் எவ்வளவு? வவுனியாப் பக்கம் காரணம் தெரியாத சிறுநீரக நோயை நிறையப் பார்த்தவள் என்பதால் கேட்கிறேன். சாயத்தைச் சிறுநீரகம்தான் வெளியேற்றவேண்டும்.

பதில்: கடைக்காரர், புதுக்குடியிருப்பு

தங்கச்சி, எனக்கு இரண்டு ஸ்டென்ட், பிரிவில்தான். நான்காம் மாதம் பல் பிடுங்கப் போனபோது இரத்தம் உறையாமல் தடுக்கும் அஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் நானாகவே நிறுத்திவிட்டேன். ஆறாம் நாள் அதிகாலை மூன்று மணிக்கு ஸ்டென்டுக்குள் இரத்தம் உறைந்தது. பரந்தன் வீதியில் வாகனம் ஓடிய அந்த நேரம் முழுவதும் மனைவி என் கையைப் பிடித்திருந்தாள். அவள் நகம் பதிந்த அடையாளம் இரண்டு நாள் இருந்தது.

ஒன்றோ இரண்டோ, மாத்திரையை வைத்தியர் சொல்லாமல் நிறுத்த விடாதீர்கள். கிளினிக் நாளுக்கு ஒரு கிழமை முன்பே மாத்திரையை எண்ணிப்பாருங்கள். நம் ஊரில் மழை பிடித்தால் பாதை எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

கேட்டவர்:

அக்கா, கொப்பியில் பார்த்தேன், கிரியேற்றினின் 1.6, இருக்கவேண்டியதைவிடக் கூட. நீங்கள் கேட்டிராவிட்டால் அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கமாட்டேன். இன்றிரவு சித்தப்பாவை நானே அழைக்கிறேன். வியாழக்கிழமை வைத்தியரிடம் கிளையின் அகலமும் அடைப்பின் நீளமும் கேட்பேன். “ஏக்கர் கணக்கைத்தானே கேட்கிறாள்” என்று அப்பா தலையாட்டினார். அண்ணா, மாத்திரைக்கு ஒரு டப்பா வாங்கி நாள் எழுதி ஒட்டிவிட்டேன்.