புதுப்பிப்பு: எங்கள் ஓக் மரத்துக்கு வேர் அழுகல்தான்

கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோவில் இருக்கும் எங்கள் வீட்டு ஓக் மரத்தின் உச்சிக்கிளைகள் காய்கின்றன, தண்ணீர் போதவில்லையா என்று ஜூனில் கேட்டிருந்தேன். நேர் எதிர்.

மரம் பார்க்கும் நிபுணர் வந்து அடிமரத்து மண்ணை விலக்கி, பட்டையை லேசாகச் சீவினார். உள்ளே விசிறி போல வெள்ளைப் படலம், காளான் வாசனை. வேரை அழுகவைக்கும் ஆர்மிலேரியா பூஞ்சை. கலிபோர்னியா ஓக் மழையில்லாத கோடைக்குப் பழகிய மரம். புல்தரைக்கென்று வருடாவருடம் கோடையில் நாங்கள் பாய்ச்சிய தண்ணீர்தான் பூஞ்சையை வளர்த்திருக்கிறது. மனசு ஆறவில்லை.

குணமாக்கும் மருந்து கிடையாது. சரி, புல்லை எடுத்துவிட்டோம், தெளிப்பானை நிறுத்தினோம், வேர்க்கழுத்தை, அதாவது அடிமரமும் வேரும் சேரும் இடத்தை, மண் மூடாமல் காயவிட்டிருக்கிறோம். வேர்ப்பிடிப்பு போனால் மரம் பச்சையாகவே சாயலாம் என்பதால் குழந்தைகளின் ஊஞ்சலையும் கழற்றியாயிற்று. அப்புறம், இலையுதிர்கால மழையில் அடியில் இந்தப் பூஞ்சையின் தேன்நிறக் காளான் முளைக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.