1968 மஸ்டாங்: அலைன்மென்ட் சீட்டில் எல்லாம் பச்சை, வண்டி மட்டும் நேரே போகலை

ஃபாஸ்ட்பேக்_68:

வணக்கம். 1968 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக், 302 வி8, கம்பெனி பவர் ஸ்டியரிங், நாலும் டிரம் பிரேக். டயர் 205/70 ஆர்14 ரேடியல்.

ஃப்ரீவேயில் 60 மைல் வேகத்தில் ஸ்டியரிங்கை ஓயாமல் இப்படியும் அப்படியும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கு. கையை விட்டால் மெதுவா வலப்பக்கம் ஒதுங்குது. வளைவு முடிஞ்சும் ஸ்டியரிங் தானா திரும்பி வராது. நிறுத்தி வச்சு இன்ஜின் ஸ்டார்ட் பண்ணினால், யாரும் தொடாமலே ஸ்டியரிங் வலப்பக்கம் ஒரு அங்குலம் நகருது. ஸ்டியரிங் வீல் விளிம்பில் ஆட்டம் (சக்கரம் அசையாம வீல் மட்டும் திரும்புற தூரம்) இரண்டரை அங்குலம், இன்ஜின் ஆஃபில் அளந்தது.

டை ராட் (சக்கரத்தைத் திருப்புற கம்பி) எண்ட் நாலும், ஐட்லர் ஆர்மும் (லிங்கை வலப்பக்கம் தாங்குற கை) புதுசு. ஸ்டியரிங் பாக்ஸ் மேல இருக்கிற ஸ்க்ரூவை அரைச் சுற்று இறுக்கினேன். ஆட்டம் குறையலை, திரும்பும்போது இறுக்கம்தான் கூடிச்சு. அலைன்மென்ட் மெஷின் கொடுத்த சீட்டு இப்படி, எல்லாமே பச்சை, அதாவது அளவுக்குள்ள:

காஸ்டர் (சக்கரம் திரும்புற அச்சு முன்பின்னா சாயுற டிகிரி): இடது +0.4, வலது -0.3
கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் வெளியே சாயுற டிகிரி, உள்ளே சாய்ஞ்சால் மைனஸ்): இடது +0.6, வலது +0.9
டோ-இன் (ரெண்டு சக்கரமும் முன்பக்கம் உள்ளே குவியுற அளவு): ஒன்றரை நூல் (3/16 அங்குலம்)

பாக்ஸையே மாத்தணுமா?

ரசமட்டம்:

பாக்ஸை இப்போதைக்கு விடுங்க. முதல் வேலையா அந்த ஸ்க்ரூவை இருந்த இடத்துக்கே திருப்பி வைங்க.

சீட்டு பச்சையா இருக்கக் காரணம், மெஷினில் ஏத்தியிருப்பது 1968 கம்பெனி அளவு. அது பயஸ்-ப்ளை டயருக்கு (ரேடியலுக்கு முந்தின பழைய வகை) போட்ட கணக்கு: காஸ்டர் பூஜ்யத்தை ஒட்டி, கேம்பர் பாசிட்டிவ், டோ தாராளம். ரேடியலுக்கு அது ஒத்துவராது. காஸ்டர் இல்லாத வண்டிக்கு நேரே போகணும்னு தோணவே தோணாது. ஸ்டியரிங் திரும்பி வராததுக்கும் பாதி காரணம் அதுதான். அதோட வண்டி எப்பவும் காஸ்டர் குறைஞ்ச பக்கம் ஒதுங்கும். உங்களுக்குக் குறைவு வலதில். அமெரிக்க ரோடும் வலது ஓரம் சரிவு. ரெண்டும் ஒரே பக்கம் இழுக்குது.

பவர் ஸ்டியரிங்குக்கு வைக்க வேண்டியது:

காஸ்டர்: இடது +2.5, வலது +2.75 முதல் +3
கேம்பர்: ரெண்டும் 0 முதல் -0.5
டோ-இன்: மொத்தம் அரை நூல் முதல் ஒரு நூல்

பவர் இல்லாத வண்டின்னா காஸ்டரை 2-க்குள்ள நிறுத்திக்கணும், இல்லைன்னா பார்க்கிங்கில் தோள் வலி.

1967-க்கு முன்னாடி வந்த மஸ்டாங்கில் இதைத் திருத்த மேல் ஆர்மில் (சக்கரத்தைப் பிடிக்கிற மேல் கை) ஷிம், அதாவது மெல்லிய தகடு. உங்க வண்டியில் கேம்பருக்குக் கீழ் ஆர்ம் உள்பக்க போல்ட்டில் எக்சென்ட்ரிக் கேம் (மையம் தள்ளின வட்டு), காஸ்டருக்கு ஸ்ட்ரட் ராட் (கீழ் ஆர்மிலிருந்து முன்னே போற கம்பி). ஸ்ட்ரட் ராட் முன்முனையில் பிராக்கெட்டுக்கு ரெண்டு பக்கமும் நட் இருக்கும். பின் நட்டைத் தளர்த்தி முன் நட்டை இறுக்கினால் கீழ் பால் ஜாயின்ட் (ஆர்ம் முனையில் சக்கரம் திரும்புற குண்டு மூட்டு) முன்னே வரும், காஸ்டர் ஏறும். ரொம்ப முன்னே இழுத்துடாதீங்க; முழுசா திருப்பும்போது டயர் ஃபெண்டரில் உரசுதான்னு பாருங்க. கேம் கடைசி வரை போயும் கேம்பர் -1-க்கு மேல வரலைன்னா ஷாக் டவர் (இன்ஜின் ரெண்டு பக்கமும் ஸ்பிரிங்கைத் தாங்குற தூண்) ரெண்டும் உள்ளே சாய்ஞ்சிருக்கலாம். டவரை ஃபயர்வாலோட இணைக்கிற எக்ஸ்போர்ட் பிரேஸின் போல்ட் ஓட்டை பொருந்தாம நின்னா அதுவே சாட்சி.

வால்வு_வாத்தியார்:

ரசமட்டம் சொன்ன எண்கள் சரி. ஆனால் இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஸ்டியரிங் நகர்கிறதே, அதைத் தீர்க்காமல் அலைன்மென்ட்டைத் தொட வேண்டாம்.

இந்தக் காரில் பவர் உதவி, ஸ்டியரிங் பாக்ஸுக்குள் இல்லை. பிட்மேன் ஆர்மும் (பாக்ஸிலிருந்து வரும் கை) சென்டர் லிங்கும் (ரெண்டு டை ராடையும் இணைக்கும் நடுக் கம்பி) சேரும் இடத்தில் கன்ட்ரோல் வால்வு. தனியாக ஒரு ராம் சிலிண்டர் லிங்கைத் தள்ளும். வால்வு நடுவில் நிற்காவிட்டால் ராம் ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். சோதிக்க:

1. வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். ராம் ராடின் நட்டைக் கழற்றி ஃபிரேம் பிராக்கெட்டிலிருந்து விடுவியுங்கள்.
2. இன்ஜினை ஓடவிடுங்கள், ஸ்டியரிங்கைத் தொடாதீர்கள். ராட் தானாக நீண்டாலோ உள்ளே போனாலோ வால்வு நடுவில் இல்லை.
3. இன்ஜினை நிறுத்தி, வால்வு முனை மூடியின் ரெண்டு போல்ட்டையும் கழற்றுங்கள். உள்ளே சென்டரிங் ஸ்பிரிங்கைப் பிடிக்கும் நட். மெதுவாக முட்டும் வரை இறுக்கி, கால் சுற்று தளர்த்துங்கள். மூடியைப் போட்டு மறுபடி சோதியுங்கள்.

நட் சரியாக இருந்தும் ராட் நகர்ந்தால் உள்ளே ஸ்பூலோ (எண்ணெயைத் திருப்பிவிடும் உருளை) ஸ்பிரிங்கோ போய்விட்டது. ரீபில்ட் கிட் வேண்டும்.

இன்னொன்று, ஆட்டத்தை இன்ஜின் ஆஃபில் அளக்கக் கூடாது. வால்வு நகர வேண்டிய தூரமும் அதில் சேர்ந்துவிடும். ஓடும் இன்ஜினில், சக்கரம் தரையில் இருக்கும்போது அளந்தால் உங்கள் இரண்டரை அங்குலம் கணிசமாகக் குறையலாம்.

கிரீஸ்_கப்:

ஐட்லர் ஆர்ம் புதுசுன்னீங்க, ரப்பர் புஷ் வச்சதா? அந்த நட்டை இறுக்கும்போது சக்கரம் நேரா இருந்ததா? திரும்பின நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கிட்டு ஸ்டியரிங்கை ஒரே பக்கம் இழுத்துக்கிட்டே இருக்கும். தளர்த்தி, நேரா வச்சு, மறுபடி இறுக்குங்க. கீழ் ஆர்ம் போல்ட்டுக்கும் இதே கதைதான்: வண்டி தன் எடையில் நாலு சக்கரத்தில் நிக்கும்போதுதான் கடைசி இறுக்கம்.

பால் ஜாயின்ட் பத்தி யாருமே சொல்லலை. மஸ்டாங்கில் ஸ்பிரிங் மேல் ஆர்ம் மேல உட்காருது. அதனால் கீழ் ஆர்முக்கு ஜாக்கி கொடுத்து ஆட்டிப் பார்த்தால் மேல் ஜாயின்ட் பாரத்திலேயே நிக்கும், தேய்மானம் தெரியாது. மேல் ஆர்முக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மரக்கட்டை செருகி, ஃபிரேமில் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடிச்சு ஆட்டுங்க. அதுக்கு முன்னாடி வீல் பேரிங்கைச் சரி பண்ணிடுங்க: சக்கரத்தைச் சுத்திக்கிட்டே பேரிங் நட்டை 17-25 அடி-பவுண்டு இறுக்கி, அரைச் சுற்று தளர்த்தி, திரும்ப 10-15 இன்ச்-பவுண்டு மட்டும், புது ஸ்பிளிட் பின். பேரிங் ஆட்டத்தைப் பால் ஜாயின்ட் ஆட்டம்னு நினைச்சுக் காசைக் கரியாக்குறவங்க நிறைய.

ஃபாஸ்ட்பேக்_68:

ராம் ராட் தானா வெளியே வந்தது. வால்வு மூடிக்குள்ள இருக்கிற நட்டைச் சொன்னபடி வச்சதும் நின்னுடுச்சு. இப்ப ஸ்டார்ட் பண்ணினால் ஸ்டியரிங் அசையலை. ஐட்லரையும் தளர்த்தி இறுக்கியாச்சு, பால் ஜாயின்ட் நாலும் கெட்டி. இன்ஜின் ஓடும்போது ஆட்டம் ஒன்றேகால் அங்குலம். நேரா போகும்போதுதான் அது தெரியுது, கொஞ்சம் திருப்பினால் இல்லை.

ரசமட்டம்:

திருப்பினால் ஆட்டம் இல்லை, நேரில் இருக்கு. அப்படின்னா சக்கரம் நேரா நிக்கும்போது பாக்ஸ் தன் நடுவில் இல்லைன்னு சந்தேகப்படலாம். இந்தப் பாக்ஸில் பல் கடி நடுவில்தான் நெருக்கம்; ரெண்டு பக்கமும் தளர்வு வேணும்னே விட்டது. யாரோ டை ராட் ஸ்லீவை ஒரு பக்கம் மட்டும் திருகி டோ வச்சிருப்பாங்க, ஸ்டியரிங் வீலைக் கழற்றி நேரா மாட்டியிருப்பாங்க.

பிட்மேன் ஆர்மிலிருந்து வால்வின் பால் ஸ்டட்டைக் கழற்றுங்க. ஃபோர்க் (கவட்டை ஆப்பு) அடிச்சால் பூட் (ரப்பர் உறை) கிழியும், புல்லர் போடுங்க. ஸ்டியரிங்கை ஒரு கோடி வரை மெதுவா திருப்பி, மறுகோடி வரை சுற்று எண்ணி, அதில் பாதிக்கு வாங்க. அதுதான் நடு. லிங்க் கழற்றின நிலையில் கோடியில் இடிச்சால் உள்ளே குண்டுகள் ஓடுற குழாய் நசுங்கும், பார்த்து. அங்கே நிறுத்தி ஆட்டம் இருந்தால் மட்டும் மேல் ஸ்க்ரூ. வொர்ம் (ஸ்டியரிங் தண்டின் திருகு) பேரிங் இறுக்கம் முதல்ல, அந்த மேல் ஸ்க்ரூ (செக்டர் ஸ்க்ரூ) அப்புறம், ரெண்டுமே இன்ச்-பவுண்டு கேஜ் வச்சு. வேற இடத்தில் வச்சு இறுக்கினால் நடுவுக்கு வரும்போது பிடிச்சுக்கும்.

பாக்ஸ் நடுவில் நிக்கும்போதே ரெண்டு ஸ்லீவாலும் டோ வைங்க. லிங்க் ஆக்சிலுக்குப் பின்னால் இருப்பதால் டை ராட் நீண்டால் டோ-இன் கூடும். காஸ்டரை மாத்தினால் டோவும் நகரும். அதனால் டோ கடைசி.

மெஷின் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே காஸ்டரைப் பார்க்கலாம். சக்கரத்துக்கு அடியில் ரெண்டு வினைல் ஓடு, நடுவில் கிரீஸ். ரிம்மில் டிஜிட்டல் ரசமட்டம். சக்கரத்தின் முன்பக்கத்தை 20 டிகிரி வெளியே திருப்பி கேம்பர் குறிங்க, 20 டிகிரி உள்ளே திருப்பி மறுபடி. வெளியே +0.5, உள்ளே -1.3 வந்தால் வித்தியாசம் 1.8, ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர் 2.7.

ஃபாஸ்ட்பேக்_68:

நன்றி, பாக்ஸ் கிட்டத்தட்ட அரைச் சுற்று தள்ளித்தான் இருந்தது. ஸ்ட்ரட் ராட் புஷ் வெடிச்சிருக்கு. பாலியூரிதேன் போடலாமா?

கிரீஸ்_கப்:

வேண்டாம், ரப்பரே போடுங்க. கீழ் ஆர்ம் ஏறி இறங்கும்போது ஸ்ட்ரட் ராடும் கோணம் மாறணும். ரெண்டு பக்கமும் பாலி போட்டால் அது வளைஞ்சு கொடுக்காது. ராட் மரை தொடங்கும் இடத்தில் களைச்சு முறியும். பிரேக் போடும்போது முறிஞ்சால் சக்கரம் பின்னே போயிடும்.