மறு: [கலைச்சொல்] இலைச் சாரத்துக்குப் ‘பிரித்தெடுத்தல்’ பொருந்துமா?

> எக்ஸ்ட்ராக்‌ஷனுக்குப் (இலை முதலியவற்றிலிருந்து கரைப்பானால் சாரத்தை எடுப்பதற்கு) ‘பிரித்தெடுத்தல்’ என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதுவே போதாதா?

போதாது ஐயா. நிலவேம்பிலிருந்து ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற கசப்புப் பொருளை மட்டும் தனியாக எடுத்தால் அது பிரித்தெடுத்தல். இலைப்பொடியை 70 விழுக்காடு எத்தனாலில் ஊறவைத்து வடித்தால் பச்சையம், ஃபிளேவனாய்டு, சர்க்கரை எல்லாம் கலந்தே வரும். இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் ஆய்வேடு படிப்பவர் திண்டாடுவார். சாயம் இறங்குகிறது, சாறு இறங்குகிறது என்று பேச்சிலேயே இருப்பதால் ‘சாரமிறக்கல்’ என்கிறேன்.

வகைகளில் குடிநீர் (கொதிக்கவைத்து இறுத்த கஷாயம்), ஊறல் (ஊறவைத்து வடித்தது), தீநீர் (ஆவியைக் குளிர்வித்து வடித்தது) மூன்றும் சித்த மருத்துவத்தில் இருப்பவை, அப்படியே எடுத்துக்கொள்ளலாம். பெர்கோலேஷனுக்குத்தான் (குழலில் அடைத்த பொடி வழியே கரைப்பானை மெல்ல இறக்கும் முறைக்கு) சொல் தேவை: ‘சொட்டிறக்கல்’. பொடியைக் கரைப்பானால் பிசறி 4 மணி நேரம் மூடிவைத்து, பிறகே குழலில் அடைக்க வேண்டும். உலர்பொடியை நேரே அடைத்தால் உள்ளே உப்பி அடைத்துக்கொள்ளும். மேலும் கீழும் ஒரே சீராக அமுக்காவிட்டால் கரைப்பான் இளகிய பக்கமாகவே ஓடிவிடும். பாதிப் பொடி நனைந்தும் சாரம் இறங்காமல் கிடக்கும். மிக நைசான பொடியும் ஆகாது.

---

> சாக்ஸ்லெட்டுக்கு (ஒரே கரைப்பான் ஆவியாகி, குளிர்ந்து, இலைமேல் விழுந்து திரும்பத் திரும்பச் சுழலும் கருவிமுறைக்கு) ‘சூட்டிறக்கல்’ என்றால் என்ன?

அந்தச் சொல் தவறான இடத்தைக் காட்டுகிறது. சாக்ஸ்லெட்டில் இலைமேல் விழுவது ஆவி குளிர்ந்து வந்த கரைப்பான். அங்கே சூடு குறைவு. இறங்கிய சாரம்தான் அடிக்குடுவையில் மணிக்கணக்கில் கொதிக்கிறது, மெத்தனால் என்றால் ஏறக்குறைய 65 டிகிரியில். சூடு தாங்காத பொருள் சிதைவது அங்கேதான். ‘சுழலிறக்கல்’ சரியாக வரும். திறந்த பாத்திரத்தில் துளசியைக் கொதிக்கவைத்தால் யூஜெனால் என்ற மணப்பொருள் ஆவியோடு போவது வேறு கதை. அதற்கு மூடி போட்டாலே பாதி தீரும்.

‘சாரமிறக்கல்’ எனக்குச் சம்மதம், ஒரு நெருடலோடு. முருங்கையிலையில் ஐசோதயோசயனேட் என்ற காரப்பொருள் முன்கூட்டியே அப்படியே இருப்பதில்லை. இலை நசுங்கியதும் மைரோசினேஸ் நொதி, குளுக்கோசினோலேட் என்ற மூலப்பொருளை உடைக்கும்போதுதான் அது உண்டாகிறது. பறித்த இலையைக் கொதிநீரிலோ அடர்ந்த எத்தனாலிலோ நேரே போட்டால் நொதி செயலிழந்துவிடும். குளுக்கோசினோலேட்டே சாரத்தில் வரும். இல்லாததை எப்படி இறக்குவது?

---

அந்தப் படிக்குத் தனிப்பெயர் கொடுத்துவிடலாம்: ‘நசுக்கிவைத்தல்’. பச்சையிலையை அறைவெப்பத் தண்ணீர் விட்டு அரைத்து, நொதி வேலை செய்யச் சற்று நேரம் விட்டு, அதன்பின் சாரமிறக்கல். செய்முறை எழுதுவோர் இரண்டையும் தனித்தனி வரியில், நேரமும் வெப்பமும் குறித்து எழுத வேண்டும். இப்போது பலரும் ‘இலைச்சாறு எடுக்கப்பட்டது’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதை வைத்து யாரும் திரும்பச் செய்து பார்க்க முடியாது.

‘சுழலிறக்கல்’ பதிவில் ஏற்றுகிறேன். மீயுயர்நிலைக் (சூப்பர்கிரிட்டிகல்) கார்பன் டை ஆக்சைடைக் கரைப்பானாக்கும் முறைக்கு இன்னும் சொல் அமையவில்லை. 31 டிகிரிக்கும் சுமார் 74 பார் அழுத்தத்துக்கும் மேலே அது வளியும் இல்லை, நீர்மமும் இல்லை. ‘அழுத்த இறக்கல்’ என்று யாரும் முன்மொழிய வேண்டாம். அழுத்தத்தில் சுடுநீரைச் செலுத்தும் முறையும் இருக்கிறது.