பொருள்: எஞ்சின் ஆயிலில் வரும் உலோகத்துக்கு ஒரு சொல் (அவசரம்)

குன்னூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:
வணக்கம். மெக்கானிக் மாணவர்களுக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரு அத்தியாயத்துக்கு மட்டும் தலைப்பு அமையவில்லை. கேத்தியிலிருந்து கேரட் ஏற்றிப்போகும் ஒரு பிக்கப்பின் ஆயில் ஃபில்டரை வகுப்பில் வெட்டி, மடிப்புக் காகிதத்தை விரித்துப் பார்த்தோம். காந்தத்தில் ஒட்டியது கொஞ்சம். ஒட்டாமல் செம்பு நிறத்தில் மின்னியது நிறைய. பேரிங் போகிறது என்று அர்த்தம். பையன்களோ இரண்டையும் 'பொடி' என்றே எழுதிவைத்தார்கள்.

கோத்தகிரி:
பொடி, தூள் இரண்டையும் நம் மலையில் தேயிலைக்குப் பட்டா போட்டுக் கொடுத்தாயிற்று. அங்கேயும் இதே தொல்லைதான்: இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலரின் பல் தேய்ந்து தூளில் இரும்பு கலக்கும், காந்தம் வைத்து எடுப்பார்கள். என் பரிந்துரை 'தேய்துகள்'. வினைத்தொகை, தேய்ந்த, தேய்கிற, தேயும் என மூன்று காலமும் அடக்கம். தயவுசெய்து யாரும் 'தேய்த்துகள்' என்று ஒற்றுப் போட வேண்டாம். வினைத்தொகையில் வல்லினம் மிகாது.

உதகை, தமிழாசிரியர் (ஓய்வு):
தேய்துகள் அழகு. ஆனால் முன்னால் 'உலோக' வந்தால் ஏற்க மாட்டேன், அது வடசொல். அதற்குத் தமிழில் 'மாழை' இருக்கிறதே! அல்லது 'கிட்டம்'. இரும்புக் கிட்டம் என்று சித்த வைத்தியர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

கோத்தகிரி:
ஐயா, கிட்டமும் வடசொல்தான். போதாக்குறைக்கு அது இரும்பை உருக்கும்போது கழிவது, தேய்ந்து வருவதில்லை.

கூடலூர், பட்டறைக்காரர்:
மாழை என்றால் எங்கள் பையன் 'மழையா, மாலையா?' என்பான். அது கிடக்கட்டும், என் கவலை வேறு. ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கின் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு லேசாகப் படிந்தால் பயமில்லை, ஓடுகிற எஞ்சினில் அவ்வளவு தேய்வு இருக்கும். புது எஞ்சினின் முதல் ஆயிலில் கூடுதலாகவே வரும். நகத்தால் எடுக்கிற அளவுக்குச் செதில் வந்தால் வண்டியை நிறுத்தணும். ஒட்டாத வெள்ளைச் செதில் பிஸ்டன் அலுமினியமாக இருக்கலாம். செம்புச் சாயல் என்றால் பேரிங், புஷ். ஒட்டுகிற சில்லு என்றால் செயின், கேம், ரிங் பக்கம் பார்க்கணும். கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவிலும் கியரைக் குறைக்காமல் திணறடித்து ஏற்றுகிறவர்களிடம் பேரிங் செதில் பார்க்கலாம். அந்தப் பாரத்தில் ஆயில் படலம் தாங்காது. செதில் தேய்ந்து வருவதில்லை, அலுத்துப்போன உலோகம் பெயர்ந்து வருவது. சிலிண்டரைக் கடைந்து போரிங் போட்டபின் சரியாகக் கழுவாத எஞ்சின் பிளாக்கில் கிடக்கும் சீவலும் தேய்ந்ததில்லை. எல்லாவற்றுக்கும் 'தேய்துகள்' என்று ஒரே பெயர் வைத்தால், பையன் செதிலைப் பார்த்துவிட்டும் ஆயிலை மட்டும் மாற்றி அனுப்பிவிடுவான்.

குன்னூர், வங்கி (ஓய்வு):
குறுக்கே வருவதற்கு மன்னிக்க. எந்தச் சொல் வைத்தாலும் 'தேய்மானம்' வேண்டாம். அது கணக்கில் வண்டியின் மதிப்பை ஆண்டுதோறும் குறைத்து எழுதுவது.

குன்னூர், தொழிற்பயிற்சி ஆசிரியர்:
அச்சகத்தில் இருந்து கூப்பிட்டுவிட்டார்கள். தலைப்பு 'ஆயிலில் உலோகத் துகள்'. உள்ளே களிம்பு, செதில், சீவல் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வது என்று எழுதுகிறேன். தேய்துகள் களிம்புப் பகுதியில் ஒருமுறை வரும். இதற்கு என்னையும் சேர்த்து நான்கு பேர் சரி என்போம், ஐயா மட்டும் இல்லை.

உதகை, தமிழாசிரியர் (ஓய்வு):
'உலோகம்' அச்சேறுவதற்கு என் எதிர்ப்பைப் பதிந்துகொள்ளுங்கள். களிம்பும் பொருந்தாது. அது செம்பில் ஏறும் பச்சை. சைவ சித்தாந்தத்தில் உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்கே செம்பின் களிம்புதான் உவமை. இரும்பில் அதை எப்படி ஏற்றுவீர்கள்?

கோத்தகிரி:
அப்படியென்றால் 'கசடு'?

கூடலூர், பட்டறைக்காரர்:
அது ஆயில் கெட்டுத் திரள்வதுங்க, முற்றிலும் வேறு. என்னை விடுங்கள், வாசலில் இரண்டு வண்டி நிற்கிறது.