டெக்சாஸில் வரியே இல்லை என்றார்கள்

மதுரைக்காரன்:

2022 ஆகஸ்டில் கலிபோர்னியா ஃபிரிமாண்டிலிருந்து டாலஸ் பக்கம் குடிவந்தோம். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ரெண்டு பெட்ரூம் அபார்ட்மென்டுக்கு மாதம் 3,300 டாலர் வாடகை, சொந்த வீடு பார்க்கலாம் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் அலைந்தால் அறுபது வருஷத்துப் பழைய வீட்டுக்கு 15 லட்சம் டாலர் சொல்வார்கள், அதற்கும் நமக்கு முன்னால் இருபது பேர் நிற்பார்கள். இங்கே இருந்த நண்பர் போன் போடும்போதெல்லாம் "மாநில வருமான வரியே கிடையாது மாப்ளே, கிளம்பி வா" என்பார். கிளம்பிவிட்டோம்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. தனிநபர் வருமான வரி போடக் கூடாது என்று 2019-ல் டெக்சாஸ் அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் என் சம்பளத்தில் மாநில வரியும் எஸ்டிஐ (உடம்பு முடியாமல் வேலைக்குப் போக முடியாதபோது பணம் தரும் மாநிலக் காப்பீடு) பிடித்தமும் சேர்த்து வருஷத்துக்கு 9,000 டாலரை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது. இங்கே முதல் சம்பளச் சீட்டில் அந்த ரெண்டும் இல்லாததைப் பார்த்து வீட்டில் பாயசமே வைத்தோம்.

ஃபிரிஸ்கோவுக்கு வடக்கே 5,60,000 டாலருக்குப் புது வீடு. பின்வாசலில் பேட்மின்டன் ஆடலாம், அவ்வளவு இடம். முதல் வருஷச் சொத்து வரி 2,000 சொச்சம்தான் வந்தது, ஊரில் எல்லோரும் சும்மா பயமுறுத்துகிறார்கள் என்று நினைத்தேன். இங்கே ஜனவரி 1-ஆம் தேதி என்ன இருக்கிறதோ அதற்குத்தான் மதிப்புப் போடுவார்கள், 2022 ஜனவரியில் எங்கள் வீடு வெறும் மண். இது மரமண்டைக்கு உறைக்கவில்லை. 2023 கடைசியில் வீட்டுக்கும் சேர்த்து பில் வந்தது, மதிப்பில் ஏறத்தாழ 2.2 சதவீதம், சொந்தமாகக் குடியிருப்பவர்களுக்கான ஹோம்ஸ்டெட் சலுகையெல்லாம் கழித்தும் 11,000 டாலர். வரிக்காக மாதத் தவணையோடு சேர்த்துப் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ கணக்கில் இருந்ததோ பழைய வருஷக் கணக்குக்கான பணம்தான். கொஞ்ச நாளில் வீட்டுக்கடன் கொடுத்தவர்களிடமிருந்து கடிதம். விழுந்த துண்டையும் பன்னிரண்டு மாதத்தில் அடைக்க வேண்டும், அடுத்த வருஷத்துக்கும் சேர்க்க வேண்டும், ஆகவே மாதத் தவணையில் சுமார் 1,500 டாலர் கூடுகிறது. என் மனைவி அதை ரெண்டு தடவை படித்துவிட்டு, "ஒரு சைபர் அதிகமா போட்டுட்டாங்களோ?" என்று கேட்டாள். இல்லை.

நியாயமாகச் சொன்னால் ஃபிரிமாண்டில் அந்த 15 லட்ச வீட்டை வாங்கியிருந்தால் சொத்து வரி இதைவிட அதிகமாகவே வந்திருக்கும். ஆனால் அங்கே 1978-ல் வந்த பிராப்பசிஷன் 13 இருக்கிறது, வரிக்கான மதிப்பு வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. இங்கே குடியிருக்கும் வீட்டுக்கே 10 சதவீதம் வரை ஏற்றலாம். புதிதாக வருகிறவர்கள் வீட்டு விலையோடு எம்யுடி (குடியிருப்புக்குத் தண்ணீர், சாக்கடை வசதி செய்யும் தனி அமைப்பு) வரி உண்டா என்றும் கேளுங்கள், நகரத்துக்கு வெளியே புதிதாக முளைக்கும் குடியிருப்புகளில் அதற்கு வாங்கிய கடனையும் நம் தலையில்தான் கட்டுவார்கள்.

ஆலங்கட்டி மழை, கூரை இன்ஷூரன்ஸ், டோல் ரோடு பற்றியெல்லாம் வேறு யாராவது எழுதுங்கள், எனக்கு வயிறு எரிகிறது.

ஆஸ்டின் அம்மா:

அண்ணா, நீங்கள் போகிற போக்கில் எஸ்டிஐ பிடித்தம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். சன்னிவேலில் இருந்தபோது அந்த ஒரு சதவீதத்தைப் பார்த்து மாசாமாசம் முணுமுணுத்தவள் நானும்தான். பெரியவள் அங்கே பிறந்தாள். பிரசவத்துக்கு முன்னால் நாலு வாரம், பின்னால் ஆறு வாரம், அதற்கப்புறம் குழந்தையைப் பார்த்துக்கொள்ள எட்டு வாரம், சம்பளத்தில் பெரும்பகுதியை மாநிலமே கொடுத்தது. சின்னவன் பிறந்தது ரவுண்ட் ராக்கில். இங்கே மாநிலத்தின் கணக்கில் அப்படி ஒன்றுமே கிடையாது. என் கம்பெனி கொடுத்தது ஆறு வாரம், ஏழாவது வாரம் தையல் வலியோடு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். அன்றைக்கு அந்த ஒரு சதவீதம் ஞாபகம் வந்தது.

மற்றபடி எனக்கு இந்த ஊர் பிடித்திருக்கிறது. பெட்ரோல் மலிவு, பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு அறை. டிசம்பர், ஜனவரியில் சீடர் மரத்து மகரந்தம் மூக்கை ஒருவழி பண்ணிவிடும், அவ்வளவுதான்.

கறிவேப்பிலை:

நான் 2019 முதல் பிளேனோவில். 2021 பிப்ரவரியை மறந்துவிட்டீர்களா எல்லோரும்? டாலஸில் மைனஸ் 19 செல்சியஸ். டெக்சாஸ் மின்சாரக் கட்டமைப்பு பக்கத்து மாநிலங்களோடு அவ்வளவாக இணைக்கப்படாதது, வெளியிலிருந்து பெரிதாக வாங்கவும் வழியில்லை. கரண்ட் வந்து வந்து போனது, அப்புறம் ஒரேயடியாகப் போனது. கொரோனாவால் ஊர் திரும்ப முடியாமல் எங்களோடு மாட்டிக்கொண்டிருந்த அம்மா, சாமி விளக்குக்கு வைத்திருந்த தீப்பெட்டியால் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து மூன்று வேளையும் ரசம் வைத்தார். குழாய் உறையாமல் இருக்க எல்லாக் குழாயையும் சொட்ட விட்டிருந்தோம், ராத்திரி முழுக்க அந்தச் சத்தம். கராஜில் வைத்திருந்த கறிவேப்பிலைச் செடி கறுத்துப்போனது. தூக்கி எறியப் போனேன், அம்மா விடவில்லை. மே மாதம் வேரிலிருந்து துளிர்த்தது!

மறுபடி பே ஏரியா:

நான் கலிபோர்னியாவுக்கே திரும்பி வந்த கட்சி. 2023 கோடையில் ஆஸ்டினில் தொடர்ந்து 45 நாள் நூறு டிகிரிக்கு மேல். பையன் ராத்திரி எட்டரை மணிக்குத்தான் சைக்கிளை எடுக்க முடிந்தது. இப்போது சான் ஹோசேயில் ஏசி இல்லாத வாடகை வீடு, அறை சின்னது, கரண்ட் யூனிட் விலையைக் கேட்டால் தலை சுற்றும். கையில் ஒன்றும் நிற்பதில்லை. ஆனால் ஜூலையில் ஜன்னலைத் திறந்து வைத்துத் தூங்குகிறோம், விடியற்காலையில் போர்வை தேடுகிறோம். என் அப்பா கேட்கிறார், "இதுக்குத்தான் இவ்வளவு காசா?" இதுக்குத்தான்பா.

மதுரைக்காரன்:

கறிவேப்பிலை சகோ, நானும் ஒரு செடி வைத்திருந்தேன். கறிவேப்பிலையும் எலுமிச்சைக் குடும்பம்தான், அந்த வகைச் செடிகளை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கட்டுப்பாடு என்று ஃபிரிமாண்டிலேயே பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். உங்களிடம் கன்று இருந்தால் சொல்லுங்கள், பிளேனோ எனக்கு அரை மணி நேரம்தான். அப்புறம், வீட்டு மதிப்பை எதிர்த்து மனு போட மே 15 கடைசி நாள், போன வருஷம் போட்டவர்கள் யாராவது என்னென்ன ஆதாரம் காட்டினீர்கள் என்று எழுதுங்கள்.